படிப்புக்கும் ஆயுளுக்கும் என்ன சம்பந்தம்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் குழந்தைகளின் வயிற்றுப்போக்கைப் பற்றி எழுதியபோது, "ஒரு வீட்டில் பிள்ளை பிழைப்பதற்குத் தாயின் படிப்பைப் போலக் காவலாக நிற்பது வேறொன்றும் அரிது" என்று ஒரு வரி போகிறபோக்கில் எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பற்றித்தான் இந்த முறை பெரும்பாலான கடிதங்கள் வந்திருக்கின்றன. சிலர் மறுத்திருக்கிறார்கள், சிலர் கோபித்திருக்கிறார்கள். ஆகவே இந்த இதழின் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: என் அம்மா பள்ளிக்கூட வாசலை மிதித்ததே இல்லை. ஆறு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிவிட்டு, எண்பது வயதைத் தாண்டியும் யார் கையையும் எதிர்பார்க்காமல் வாழ்ந்து மறைந்தார். படித்த தாய்க்குத்தான் பிள்ளை தங்கும் என்று எழுதுவது அந்தத் தலைமுறைப் பெண்களை இழிவுபடுத்துவதாகாதா? — வாசகி, தேனி.

இழிவுபடுத்தும் எண்ணம் துளியும் இல்லை. உங்கள் அம்மாவைப் போன்றவர்களின் கைப்பக்குவமும் பொறுமையும் எந்தப் பட்டத்தாலும் வருவதில்லை. ஆனால், அந்தத் தலைமுறைப் பெண்களிடம் "எத்தனை பிள்ளைகள்?" என்று கேட்டால் ஓர் எண்ணும், "எத்தனை பிரசவம்?" என்று கேட்டால் வேறோர் எண்ணும் பதிலாக வருவதைக் கிராமப்புறங்களில் வேலை செய்த மருத்துவர்கள் எல்லோரும் அறிவார்கள். அந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் விழும் வித்தியாசத்தைப் பற்றித்தான் நான் எழுதினேன்.

இதை முதலில் அழுத்தமாகச் சொன்னவர் ஜான் கால்டுவெல் என்ற ஆஸ்திரேலிய மக்கள்தொகை ஆய்வாளர். நைஜீரியாவில் யொரூபா மக்களிடையே திரட்டிய விவரங்களை வைத்து 1979-இல் அவர் வெளியிட்ட கட்டுரை, தந்தையின் தொழிலையும் குடும்பத்தின் வசதியையும் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும், தாய் பள்ளிக்குச் சென்றவரா இல்லையா என்பது குழந்தையின் உயிரைத் தனியாகவே பாதிக்கிறது என்று காட்டியது. அதே நாட்டின் எகிட்டிப் பகுதியிலிருந்து அவர் எடுத்துக்காட்டும் இன்னொரு கணக்கு எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. மருத்துவ வசதியும் இல்லை, தாய்க்குப் படிப்பும் இல்லை என்ற நிலையோடு ஒப்பிட்டால், மருத்துவ வசதி மட்டும் கிடைத்த இடத்தில் பிறப்பின்போதைய ஆயுள் எதிர்பார்ப்பு, அதாவது பிறக்கும் குழந்தை சராசரியாக எத்தனை ஆண்டு வாழும் என்ற கணக்கு, 20 சதவீதம் கூடியது. வசதி இல்லாமல் தாய்க்குப் படிப்பு மட்டும் இருந்த இடத்தில் 33 சதவீதம் கூடியது. இரண்டும் சேர்ந்த இடத்தில் 87 சதவீதம் கூடியது. இருபதையும் முப்பத்து மூன்றையும் கூட்டினால் ஐம்பத்து மூன்றுதான். மீதி எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் உங்கள் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

மூன்று நான்கு ஆண்டுகள் பள்ளிக்குப் போன பெண் அங்கே கிருமிகளைப் பற்றிப் பெரிதாக ஒன்றும் கற்றிருக்க மாட்டார். கற்றதில் பெரும்பகுதி மறந்தும் போயிருக்கும். ஆனால் வீட்டில் அவருடைய இடம் மாறியிருக்கும். நள்ளிரவில் குழந்தைக்குத் தண்ணீராகப் பேதியாகிறது, கண்கள் உள்வாங்கிக் கிடக்கின்றன என்று வையுங்கள். "இது பல் முளைக்கிற பேதிதான், தன்னால் நின்றுவிடும், ஊரைக் கூட்டாதே" என்று மாமியார் சொல்கிறார். மாமியார் கெட்டவர் அல்லர். தனக்குத் தெரிந்ததைச் சொல்கிறார். அந்த நேரத்தில் "இல்லை அத்தை, நான் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன்" என்று சொல்லவும், சொன்னபடி கிளம்பவும், அங்கே போய் வரிசையில் பின்னுக்குத் தள்ளப்படாமல் நிற்கவும், மருத்துவர் சொன்னது விளங்காவிட்டால் திரும்பக் கேட்கவும் ஒரு பெண்ணுக்கு வேண்டிய துணிவும் அந்தஸ்தும் பெரும்பாலும் பள்ளி வாசலிலிருந்தே வருகின்றன. பக்கத்தில் மருத்துவமனை இருந்தும் போக முடியாத தாய்க்கும், போகத் துணிந்தும் மருத்துவமனை இல்லாத தாய்க்கும் பாதி லாபம்தான். கூட்டல் கணக்கில் விடுபட்ட மீதி இதுதான் என்பது என் கருத்து.

இது ஆப்பிரிக்காவோடு முடிந்த கதையும் அல்ல. 175 நாடுகளின் விவரங்களை வைத்து 2010-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வெளியான ஆய்வு ஒன்று, 1970-க்கும் 2009-க்கும் இடையில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் மரணங்கள் 82 லட்சம் அளவுக்குக் குறைந்ததில் ஏறத்தாழ 42 லட்சத்தைப் பெண்களின் கல்வி உயர்ந்ததன் கணக்கில் எழுதியது.

கேள்வி: படித்த குடும்பங்கள் பொதுவாக வசதியான குடும்பங்கள். வசதியின் பலனைப் படிப்பின் பலனாக நீங்கள் எழுதுகிறீர்கள் என்று சொன்னால் மறுக்க முடியுமா? — கல்லூரி ஆசிரியர், திருச்சி.

நியாயமான சந்தேகம். இதைத் தீர்க்க ஆய்வாளர்கள் ஒரு வழியைக் கையாள்கிறார்கள். அரசாங்கம் ஓர் ஆண்டில் சட்டம் போட்டுப் பள்ளிப் படிப்பை நீட்டுகிறது என்றால், அதற்குச் சற்று முன்பு பிறந்தவர்களும் சற்றுப் பின்பு பிறந்தவர்களும் வசதியில் ஒரே மாதிரியானவர்கள், படிப்பில் மட்டும் வேறுபட்டவர்கள். தைவான் 1968-இல் கட்டாயக் கல்வியை ஆறு ஆண்டுகளிலிருந்து ஒன்பதாக்கி, நூற்றுக்கும் மேற்பட்ட நடுநிலைப் பள்ளிகளை ஒரே மூச்சில் திறந்தது. அந்தப் பள்ளிகளில் படிக்க வாய்த்தவர்கள் பெற்றோரானபோது அவர்களுடைய குழந்தைகளிடையே எடைக் குறைவும் சிசு மரணமும் குறைந்திருந்தன என்று பின்னாளில் கணக்கிட்டுக் காட்டியிருக்கிறார்கள். எண்பதுகளில் விடுதலைக்குப் பின் உயர்நிலைப் பள்ளிகளை எல்லோருக்கும் திறந்துவிட்ட ஜிம்பாப்வேயிலும் இதையொத்த முடிவே கிடைத்தது.

ஆனால் எதிர்ச் சான்றும் இருக்கிறது, அதை மறைப்பது முறையாகாது. பிரிட்டன் 1947-இல் பள்ளியை விட்டு நிற்கும் வயதை 14-லிருந்து 15 ஆக உயர்த்தியது. அதனால் கூடுதலாக ஓராண்டு படித்தவர்களின் இறப்பு விகிதத்தைப் பிற்காலத்தில் ஆராய்ந்தபோது சொல்லிக்கொள்ளும்படியான மாற்றம் எதுவும் தென்படவில்லை. என் ஊகம் இது: ஏற்கெனவே எல்லோரும் எழுதப் படிக்கத் தெரிந்திருந்த நாட்டில், ஓராண்டு கூடுதலாகப் பெஞ்சில் உட்கார்ந்ததால் யாருடைய வேலையும் வீட்டு நிலையும் மாறவில்லை. தைவானில் அந்த மூன்று ஆண்டுகள் ஒரு பெண்ணின் வாழ்க்கைத் தடத்தையே மாற்றின. ஆகவே வசதிக்கும் பங்கு உண்டு என்ற அளவில் நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். எல்லாமே வசதிதான் என்றால் ஏற்பதற்கில்லை.

கேள்வி: எத்தனை வகுப்பு வரை படித்தால் போதும்? — வாசகர், விருதுநகர்.

'போதும்' என்று கோடு போட இடமில்லை. ஏராளமான நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2024-இல் வெளியான ஆய்வின்படி, படிப்பு ஓராண்டு கூடும்போது மரண அபாயம் சராசரியாக 2 சதவீதம் குறைகிறது. 18 ஆண்டுகள் படித்தவருக்குப் படிக்கவே படிக்காதவரைவிட 34 சதவீதம் குறைவு. அமெரிக்காவில் 25 வயதை அடைந்தவர்களில் கல்லூரிப் பட்டம் உள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் இடையிலான ஆயுள் இடைவெளி 1992-இல் சுமார் இரண்டரை ஆண்டுகளாக இருந்தது. 2021-இல் அது எட்டரை ஆண்டுகளாகிவிட்டது. அங்கே பட்டம் இல்லாதவருக்கு நல்ல வேலையும் இல்லை, வேலையோடு வரும் மருத்துவக் காப்பீடும் இல்லை.

கேள்வி: இலங்கை பணக்கார நாடு அல்ல. ஆனாலும் தாய் சேய் மரணங்கள் இங்கே குறைவு என்கிறார்கள். அதற்கும் படிப்புதான் காரணமா? — வாசகி, யாழ்ப்பாணம்.

படிப்பு மட்டும் காரணம் அல்ல, ஆனால் படிப்பு இல்லாமல் அது நடந்திருக்காது. குறைந்த வருமானத்திலும் நீண்ட ஆயுளை எட்டியவை என்று கால்டுவெல் 1986-இல் முக்கியமாக எடுத்துக்காட்டிய இடங்கள் கேரளம், இலங்கை, கோஸ்டாரிகா ஆகிய மூன்றும். இந்த மூன்றிலும் பெண்கள் படித்திருந்தார்கள், அரசியலில் சாதாரண மக்களின் குரலுக்கு மதிப்பு இருந்தது, வீட்டுக்கு அருகில் செலவில்லாத வைத்தியம் இருந்தது.

உங்கள் ஊர் இதில் மற்ற இடங்களுக்கு முந்தியது. உடுவில் மகளிர் பாடசாலை 1824-இல் தொடங்கப்பட்டது. மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் கிறீன் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, அதற்கான நூல்களையும் தமிழாக்கினார். மருத்துவப் படிப்பைத் தமிழில் நடத்த முடியுமா என்று இன்றும் நாங்கள் தமிழ்நாட்டில் பட்டிமன்றம் நடத்திக்கொண்டிருக்கிறோம் என்பது வேறு கதை. நாடு முழுவதற்குமான மாற்றம் இருபதாம் நூற்றாண்டில் வந்தது. 1926-இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு ஏற்பட்டது. 1931-இல் ஆண்களோடு பெண்களுக்கும் வாக்குரிமை கிடைத்தது. கல்வி அமைச்சர் கன்னங்கராவின் முயற்சியால் 1945-இல் பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை கல்வி இலவசமானது. 1951-இல் அரச வைத்தியசாலைகளின் கட்டணமும் நீக்கப்பட்டது. 1930-களில் ஒரு லட்சம் பிரசவங்களுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட தாய்மார் இறந்த நாட்டில் இன்று அந்த எண்ணிக்கை முப்பதை ஒட்டி நிற்கிறது. வீடு தேடி வரும் மருத்துவமாதுவின் (பிரசவம் பார்க்கும் செவிலியின்) உழைப்பு இதில் பெரிது. ஆனால் அவர் சொல்வதைக் குறித்து வைத்துக்கொண்டு, அடுத்த முறை அவர் வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்கத் தெரிந்த தாய்மார் இருந்ததால்தான் அந்த உழைப்பு பலித்தது.

கேரளத்தையும் தமிழ்நாட்டையும் ஒப்பிட்டு ஆராய்ந்த மானுடவியலாளர் ஜோன் மென்சர் 1980-இல் எழுதியதும் இதையே காட்டுகிறது. கேரளத்தில் ஓர் ஆரம்பச் சுகாதார நிலையம் சில நாள்கள் ஆளில்லாமல் கிடந்தால் மக்கள் திரண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கே போய்விடுவார்கள் என்று அவர் குறிப்பிட்டிருந்தார். இந்திய அரசின் மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி 2020-இல் ஆயிரம் பிறப்புக்குச் சிசு மரணம் கேரளத்தில் 6, தமிழ்நாட்டில் 13, மத்தியப் பிரதேசத்தில் 43.

கேள்வி: படித்தவர்களுக்குத்தானே சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் அதிகம்? வயல்வேலை செய்த படிக்காத என் தாத்தாவுக்கு ஒரு நோயும் இல்லை. — வாசகர், தஞ்சாவூர்.

தாத்தாவுக்கு நோய் இல்லையா, அல்லது யாரும் பரிசோதித்துப் பார்க்கவில்லையா? ரத்த அழுத்தம் வெளியே தெரியாது; கருவியை வைத்துப் பார்த்தால்தான் தெரியும். பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென் 2002-இல் ஒரு மருத்துவ இதழில் இதைச் சுட்டிக்காட்டினார். மக்களிடம் போய் "உடம்புக்கு ஏதாவது செய்கிறதா?" என்று கேட்டு எடுத்த கணக்கில், இந்தியாவிலேயே நீண்ட ஆயுள் உள்ள கேரளத்தார்தான் அதிக நோய்களைச் சொன்னார்கள்; ஆயுள் குறைந்த பீகாரில் மிகக் குறைவாகவே சொன்னார்கள். இடுப்பு வலியையும் வெள்ளைப்படுதலையும் பெண்ணாய்ப் பிறந்ததன் பங்கு என்று நினைத்துப் பொறுத்துக்கொள்பவருக்கு அது நோய்க் கணக்கில் வராது.

ஆனாலும் உங்கள் கேள்வியில் உண்மை இருக்கிறது. படிப்பு உட்கார்ந்து செய்யும் வேலையைத் தருகிறது. சம்பளம் எண்ணெய்ப் பலகாரத்தையும் இருசக்கர வண்டியையும் தருகிறது. முதலில் சர்க்கரை நோய் இந்த வழியாகத்தான் படித்த, வசதியான வீடுகளுக்குள் வந்தது. இப்போது காற்று மாறுகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் சர்க்கரை நோய் ஆய்வு, வளர்ந்த மாநிலங்களின் நகரங்களில் ஏழைகளிடமே இந்நோய் அதிகமாகி வருவதை 2017-இலேயே காட்டியது. வசதியுள்ளவர் காலையில் நடக்கப் போகிறார், அரிசியைக் குறைக்கிறார். ரேஷன் அரிசியை நம்பி வாழும் குடும்பத்துக்கு அந்தத் தெரிவு கிடையாது.

படித்த மாநிலம் என்று நாம் தட்டிக்கொள்ளும் தோள் கொஞ்சம் வலிக்கவும் வேண்டும். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஏறக்குறைய எல்லாப் பிரசவங்களும் மருத்துவமனையில்தான் நடக்கின்றன, ஆனால் அவற்றில் 44.9 சதவீதம் சிசேரியன். 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பட்டம் வாங்கிய பெண்ணும், எல்லோருக்கும் பரிமாறிவிட்டு மிச்சத்தைத்தானே சாப்பிடுகிறார்? இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டால் மலம் கறுப்பாகப் போகும், அதனால் கெடுதல் இல்லை, மாத்திரையோடு காபியும் டீயும் குடிக்கக்கூடாது என்ற இரண்டு செய்திகளைப் பொறுமையாக எடுத்துச் சொல்ல ஆளில்லாமல், பாதியில் நிறுத்தியவர்கள் படித்தவர்களிலும் ஏராளம்.

கேள்வி: என் மகளுக்குப் பதினேழு வயது, பன்னிரண்டாம் வகுப்பு எழுதியிருக்கிறாள். மேலே படிக்க வேண்டும் என்கிறாள். "நல்ல வரன் தள்ளிப் போய்விடும்" என்று என் மாமியாரும் நாத்தனாரும் விடாமல் சொல்கிறார்கள். அவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது? — வாசகி, தருமபுரி.

அம்மா, முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன்: பதினெட்டு நிறையாமல் திருமணம் செய்துவைத்தால், செய்துவைத்தவர்களும் உடந்தையாக இருந்தவர்களும் குற்றவாளிகள். நிர்ப்பந்தம் எல்லை மீறினால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழைக்க நீங்களோ உங்கள் மகளோ தயங்க வேண்டாம். தமிழ்நாட்டில் இருபதுகளின் தொடக்கத்தில் உள்ள பெண்களில் 12.8 சதவீதம் பேர் பதினெட்டுக்கு முன்பே மணமானவர்கள் என்று அதே தேசிய ஆய்வு சொல்கிறது. ஆகவே உங்கள் வீட்டில் நடப்பது புதுமையும் அல்ல, உங்கள் தவறும் அல்ல.

மாமியாரிடம் சட்டம் பேசினால் சண்டைதான் வரும். பேரப்பிள்ளையைப் பற்றிப் பேசிப் பாருங்கள். பதினெட்டு வயதுப் பெண்ணின் எலும்பும் ரத்தமும் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும்போது கர்ப்பம் தரித்தால், தாயும் சிசுவும் ஒரே சத்துக்குப் போட்டியிட வேண்டியிருக்கிறது. குறைமாதப் பிரசவம், எடை குறைந்த குழந்தை, கர்ப்பகாலத்தில் திடீரென ஏறும் ரத்த அழுத்தம் ஆகியவற்றின் அபாயம் இந்த வயதில் கூடுதல். மூன்று ஆண்டுகள் கல்லூரிக்குப் போனால் இந்த அபாயமான வயது தானாகவே தாண்டிப் போய்விடும். கல்வியால் கிடைக்கும் உடல்நலப் பயன்களில் மிக எளிமையானது இது, இதற்குப் பாடத்தில் தேறக்கூட வேண்டியதில்லை. நாடு முழுவதையும் எடுத்துக்கொண்டால், பள்ளிக்கே போகாத பெண்ணுக்குச் சராசரியாக 2.8 பிள்ளைகள், பன்னிரண்டோ அதற்கு மேலோ படித்த பெண்ணுக்கு 1.8.

செலவைக் காரணம் காட்டினால், ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் தமிழக அரசின் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய், படிப்பு முடியும்வரை, அவளுடைய வங்கிக் கணக்கிலேயே வரவாகும். கல்லூரியில் சேர்ந்ததும் அங்கேயே விண்ணப்பிக்கலாம். அந்தப் பணம் அவள் பெயரில் வருவதற்கு வீட்டில் ஒரு மதிப்பு உண்டு என்பதை நீங்களே பார்ப்பீர்கள்.

கேள்வி: நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள், எழுத்தும் மறந்துவிட்டது. வயது நாற்பத்தைந்து. மகள் வேலைக்குப் போகிறாள், பேரனை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். உங்கள் கட்டுரையை மகள் வாசிக்கக் கேட்டபோது, என் காலம் முடிந்துவிட்டது என்று தோன்றியது. — வாசகி, புதுக்கோட்டை மாவட்டம்.

புதுக்கோட்டையிலிருந்து இப்படி ஒரு கடிதமா? 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் நடந்தபோது, கல்குவாரிகளிலும் வயல்களிலும் உழைத்த பல்லாயிரம் பெண்கள் உங்கள் மாவட்டத்தில்தான் எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளும் கற்றார்கள். தண்ணீர்க் குடத்தைப் பின்னால் கட்டிக்கொண்டு, பிள்ளையை முன்னால் உட்காரவைத்து, யார் துணைக்கும் காத்திராமல் அவர்கள் ஆஸ்பத்திரிக்கும் சந்தைக்கும் போனார்கள். உங்கள் ஊரில் விசாரித்தால், அன்று கற்றவர்களில் ஒருவராவது கிடைப்பார்.

பள்ளிக்கு வெளியே கற்பதும் உயிரைக் காக்கும் என்பதற்கு வங்கதேசம் சாட்சி. 1980 முதல் பத்து ஆண்டுகள் பிராக் என்ற தொண்டு நிறுவனத்தின் பெண் ஊழியர்கள் வீடு வீடாகப் போய், ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளில், பேதிக்கு உப்பும் வெல்லமும் கரைத்துக் கொடுக்கக் கற்றுக்கொடுத்தார்கள்: அரை லிட்டர் நீருக்கு மூன்று விரல் சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம். அந்த ஊழியர்களுக்கு எத்தனை வீடு ஏறினார்கள் என்பதற்காகச் சம்பளம் தரவில்லை. சில வாரம் கழித்து வேறொருவர் போய் விசாரிக்கும்போது தாய்மார் எந்த அளவுக்கு நினைவு வைத்திருந்தார்கள் என்பதைப் பொறுத்தே சம்பளம். நம் ஊர்ப் பள்ளிகளில் இந்த முறை வந்தால் என்ன ஆகும் என்று சில சமயம் நினைத்துப் பார்ப்பதுண்டு.

உங்கள் பேரனுக்காக இரண்டு காரியங்களை மகளிடம் நேரில் செய்துகாட்டச் சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள். முதலாவது, ஓ.ஆர்.எஸ்., அதாவது பேதிக்குக் கரைத்துக் கொடுக்கும் உப்புச் சர்க்கரைப் பொடி. பெரிய பொட்டலம் ஒன்றை முழுதாக ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் கரைக்க வேண்டும். டம்ளர் டம்ளராகப் பிரித்துக் கரைத்தால் உப்பின் அளவு கெட்டுவிடும். பொட்டலம் இல்லாவிட்டால் ஒரு லிட்டர் நீருக்குத் தலைதட்டிய தேக்கரண்டியால் ஆறு கரண்டி சர்க்கரை, அரைக் கரண்டி உப்பு.

இரண்டாவது, காய்ச்சல் மருந்து. பாராசிட்டமால் சொட்டு மருந்தில் ஒரு மில்லியில் 100 மில்லிகிராம் இருக்கிறது. சிரப்பில் ஐந்து மில்லியில் 125 அல்லது 250 மில்லிகிராம் இருக்கிறது. பார்ப்பதற்கு எல்லாம் ஒரே மாதிரிப் பாட்டில்கள்தான். சொட்டு மருந்தைச் சிரப் என்று நினைத்து ஒரு கரண்டி (ஐந்து மில்லி) ஊற்றிவிட்டால் ஒரே தடவையில் 500 மில்லிகிராம் உள்ளே போய்விடும். கைக்குழந்தைக்கு அது பேராபத்து. எழுத்து வரும்வரை, மருத்துவர் எழுதித் தந்த பாட்டிலில் மகளை ஒரு சிவப்பு நூல் கட்டிவைக்கச் சொல்லுங்கள். அதோடு வந்த அளவுக் குழாயில் எந்தக் கோடு வரை என்று பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள். பழைய பாட்டில்களை வீட்டில் வைத்திருக்க வேண்டாம்.

படிப்பைப் பொறுத்தவரை, பதினைந்து வயதைக் கடந்தும் எழுத்தறியாதவர்களுக்காகப் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் இப்போது நடந்துகொண்டிருக்கிறது. அருகிலுள்ள அரசுத் தொடக்கப் பள்ளியின் தலைமை ஆசிரியரிடம் பெயரைக் கொடுத்தால் சேர்த்துக்கொள்வார்கள், கட்டணம் எதுவும் இல்லை. பேரனைக் கூடவே அழைத்துக்கொண்டு போகலாமா என்பதையும் அவரிடமே கேட்டுவிடுங்கள், அனேகமாகச் சம்மதிப்பார்.